உம்மாவின் நோன்பும் தோளில் ஒட்டிய மருந்தும்



ஹிஜ்ரி 1444, அதாவது 2023ஆம் ஆண்டின் ரமழான். மூன்றாவது நோன்பு திறந்த இரவு, உம்மாவின் படுக்கை விரிப்பை மாற்றுவதற்காகத் தலையணையை எடுத்தேன். அதன் அடியில் ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்த ஆறு மாத்திரைகள் இருந்தன. நான்கு மணி நேரத்திற்கு ஒன்றாக மருத்துவர் எழுதித் தந்திருந்த மார்ஃபின் மாத்திரைகள் அவை. நான் வேலைக்குச் சென்றிருக்கும் பகல் வேளைகளில் என் மாமி எடுத்துக் கொடுத்தவற்றை, "வையுங்க, இதோ போட்டுக்கறேன்" என்று வாங்கி, உம்மா மறைத்து வைத்திருக்கிறார்கள். நாளுக்கு இரண்டு, மூன்று நாளுக்கு ஆறு.

எங்களுக்குச் சொந்த ஊர் கீழக்கரை. வேலை நிமித்தம் நானும் கணவரும் படப்பைக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் கார் தொழிற்சாலை ஒன்றிலும், நான் ஒரகடத்தில் கார்களுக்கான உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தின் தரப் பரிசோதனைப் பிரிவிலும் வேலை செய்கிறோம். வாப்பா மவுத்தான பிறகு உம்மா எங்களோடு வந்து தங்கினார்கள். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று நலமடைந்ததாக நாங்கள் நம்பியிருந்த வேளையில், நோய் முதுகெலும்புக்குப் பரவியிருப்பது தெரிய வந்தது. அதன் பின்னர் எங்கள் வீட்டின் நேரமெல்லாம் உம்மாவின் வலியைச் சுற்றியே ஓடியது.

"உம்மா, ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன். குரலில் கோபம் இருந்ததை மறைப்பதற்கில்லை.

"நோன்பு, புள்ள. அடுத்த ரமழானை நான் பார்ப்பேனா? மாத்திரைக்காக இதை விடச் சொல்றியா? முள் குத்துனாக்கூடப் பாவம் உதிரும்னுதானே நமக்குச் சொல்லியிருக்கு. நான் தாங்கிக்கறேன்."

உங்கள் மீது நோன்பு கடமையில்லை, மார்க்கமே சலுகை தந்திருக்கிறது என்று முன்பே பலமுறை சொல்லியிருந்தோம். அல்பகரா அத்தியாயம் நோயாளிக்கு அளித்திருக்கும் சலுகை உம்மாவுக்குத் தெரியாததன்று. அவர்களே எத்தனையோ பேருக்கு ஓதிக்கொடுத்தவர்கள். எனினும், வலியைத் தாங்குவதே தமக்கு மிஞ்சியிருக்கும் இபாதத் என்று மனத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அந்த மூன்று நாட்களும் உட்கார்ந்து தொழக்கூட முடியாமல், சுவரைப் பார்த்தவாறு ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள் என்று மாமி பிறகுதான் சொன்னார்கள்.

மறுநாள் விடுப்பு எடுத்துச் சென்னையில் உம்மாவைப் பார்த்துவந்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்று உம்மா ஒப்புக்கொண்டார்கள். வாய் வழியாக மருந்து தங்காதவர்களுக்கும், வலியின் அளவு ஏறி இறங்காமல் நிலைத்திருப்பவர்களுக்கும் தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் பொருந்தும் என்று விளக்கினார். ஏற்கெனவே மார்ஃபின் போன்ற மருந்துக்கு உடல் பழகியவர்களுக்கு மட்டுமே இதைத் தருவார்கள். உம்மா நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் மார்ஃபினில் இருந்தார்கள். எனவே, மணிக்கு 25 மைக்ரோகிராம் மருந்தை விடுவிக்கும் பேட்சை எழுதினார். தீப்பெட்டியின் முகப்பைவிடச் சிறியது. ஒருமுறை ஒட்டினால் 72 மணி நேரம்.

வீடு திரும்பும் வழியில் உம்மா மூன்று கேள்விகளைக் கேட்டார்கள். இது நோன்பை முறிக்குமா? போதைப் பொருளைச் சேர்ந்த மருந்து ஹலாலா? ஒளுவுக்கும் குளிப்புக்கும் தடையாகுமா? என்னிடம் பதில் இல்லை. தராவீஹ் முடிந்ததும் என் கணவர் எங்கள் பகுதிப் பள்ளிவாசலின் ஹஜ்ரத்தை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

ஹஜ்ரத் பொறுமையாக விளக்கினார்கள். திறந்த வாசல் ஒன்றின் வழியாக ஒரு பொருள் உடலின் உட்பகுதியைச் சென்றடைவதே நோன்பை முறிக்கும். தோலின் நுண்துளைகள் அத்தகைய வாசல்கள் அல்ல. எண்ணெய் தேய்த்துக்கொண்டால் அது தோலில் ஊறுவதால் நோன்புக்குப் பழுதில்லை என்பதை ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) தம் மின்ஹாஜில் குறிப்பிட்டிருக்கிறார்கள். உம்மா ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள் என்பதால் இந்த நூலைச் சொன்னதாகவும், ஹனஃபி மத்ஹபின் முடிவும் இதுவே என்றும் கூறினார்கள். நம் காலத்தில், 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியின் பத்தாவது அமர்வு, தோல் வழியாக உறிஞ்சப்படும் தைலம், களிம்பு, மருந்தேற்றிய ஒட்டுப் பட்டைகள் ஆகியவை நோன்பை முறிப்பவை அல்ல என்று பெயர் சொல்லியே தீர்மானித்திருக்கிறது.

நம்பகமான மருத்துவர் தேவையறிந்து தரும் மருந்தைப் போதைக்காக உண்பதோடு ஒப்பிடலாகாது என்பது இரண்டாவது கேள்விக்கான விடை. பேட்ச் தோளுக்குப் பின்புறம் ஒட்டப்படுவதால் ஒளுவின் உறுப்புகளில் அது இல்லை. கடமையான குளிப்பு என்றால் காயக்கட்டுக்குரிய சட்டத்தின்படி மேலே தடவிக்கொள்ளலாம் என்பது மூன்றாவது.

எழுந்து செல்லும் முன் ஹஜ்ரத் இன்னொன்றும் சொன்னார்கள்: "பேட்ச் நோன்பை முறிக்காதுங்கறது ஒரு மஸ்அலா. நீங்க நோன்பு வைக்கலாமாங்கறது வேற மஸ்அலா. அதை உங்க டாக்டர்தான் சொல்லணும், உம்மா."

மறுநாள் மாலை, வீட்டுக்கே வந்து பார்க்கும் செவிலியர் பேட்சை ஒட்டக் கற்றுக்கொடுத்தார். ஒட்டுவது எனக்குப் புதிய வேலையன்று. எங்கள் தொழிற்சாலையில் காரின் பக்கவாட்டுப் பட்டைகளை இருபுறப் பசை நாடாவால் ஒட்டுகிறோம். பரப்பை ஆல்கஹாலால் துடைப்பதும், உருளையால் அழுத்துவதும், எத்தனை விசையில் உரிகிறது என்று கருவியில் அளப்பதும் என் அன்றாட வேலை. அந்தப் பழக்கத்தில் சானிடைசரை எடுத்து உம்மாவின் தோளைத் துடைக்கப் போனேன். செவிலியர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வெறும் தண்ணீர் மட்டும். சோப்பு, எண்ணெய், பவுடர், ஆல்கஹால் எதுவும் கூடாது. அவை தோலின் மேற்படலத்தை மாற்றிவிடும், மருந்து இறங்கும் வேகமும் மாறிவிடும் என்றார். நன்றாக உலர்ந்த தோலில் பேட்சை வைத்து, உள்ளங்கையால் 30 நொடிகள் அழுத்தச் சொன்னார்.

காரில் ஒட்டும் பசையும் இதில் உள்ள பசையும் பெரும்பாலும் அக்ரிலிக் பாலிமர் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைப் பின்னர் அறிந்தேன். காரில் பசையின் வேலை பிடித்துக்கொள்வது மட்டுமே. பேட்சில் அதே பசை மருந்தையும் தனக்குள் கரைத்து வைத்திருந்து, சிறிது சிறிதாகத் தோலுக்குக் கொடுக்கிறது. மேலே மருந்து வெளியேறாமலும் தண்ணீர் உட்புகாமலும் காக்கும் மெல்லிய பாலிமர் படலம். கீழே ஒட்டும்போது உரித்தெறியும் தாள். வேறொரு வகையில் மருந்து ஒரு சிறு பையில் இருக்கும். எத்திலீன் வினைல் அசிடேட் என்னும் பாலிமர் சவ்வு ஒன்று அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும். செருப்பின் மென்மையான அடிப்பாகத்தை எந்தப் பொருளில் செய்கிறார்களோ அதே பொருள்தான். பேட்சைக் கத்தரித்துப் பாதியாகப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரிப்பதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. பை கிழிந்தால் மூன்று நாள் மருந்தும் ஒன்றாகக் கொட்டிவிடும்.

தோலுக்கு மேலே இறந்த செல்களால் ஆன ஒரு படலம் இருக்கிறது. தலைமுடியைவிட மெல்லியது, சுமார் 10 முதல் 20 மைக்ரான். செங்கல்லும் சாந்தும்போலச் செல்களும் அவற்றின் இடையே கொழுப்பும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான பொருட்களை அது தடுத்துவிடும். சுமார் 500 டால்டன் எடைக்கு உட்பட்டதாகவும், கொழுப்பில் கரைவதாகவும், மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்வதாகவும் உள்ள மூலக்கூறுகள்தாம் தாமாக ஊடுருவ முடியும். ஃபென்டனில் 336 டால்டன். நம் வீடுகளில் பலரும் ஊசியில் போட்டுக்கொள்ளும் இன்சுலினோ ஏறத்தாழ 5,800 டால்டன். சர்க்கரைக்கும் இப்படியொரு பேட்ச் ஏன் இல்லை என்று மாமி கேட்டதற்கு அதுவே விடை.

தோல் முழுச் சுவர் அன்று என்பதைத் தொழிலாளர்களின் உடலும் உலகுக்கு உணர்த்தியது. டைனமைட் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்கள் விடுமுறை முடிந்து திங்கட்கிழமை திரும்பியதும் கடும் தலைவலியால் துடித்தார்கள். நைட்ரோகிளிசரின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ரத்தத்தில் கலந்து ரத்தக் குழாய்களை விரித்ததே காரணம். அதே பொருள் பின்னாளில் நெஞ்சுவலிக்கு மருந்தாகி, 1980களில் பேட்ச் வடிவிலும் வந்தது. அதற்குச் சற்று முன்னர், 1979இல், பயணத்தில் வரும் குமட்டலுக்காகக் காதின் பின்புறம் ஒட்டும் ஸ்கோபலமைன் பேட்ச் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஃபென்டனில் பேட்ச் 1990இல். தின்னர் கொண்டு கை கழுவாதீர்கள் என்று எங்கள் பாதுகாப்பு அதிகாரி ஓயாமல் சொல்வதும் இதே உண்மையின் மறுபக்கம்தான்.

பேட்ச் ஒட்டியவுடன் வலி போய்விடாது. மருந்து தோலில் தேங்கி, பின் ரத்தத்தில் ஏற 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அதுவரை உம்மா மாத்திரையையும் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவமனைக்குச் சென்ற நான்காம் நாளும் பேட்ச் ஒட்டிய ஐந்தாம் நாளும் நோன்பு வைக்கவில்லை. ஐந்தாம் நாள் இரவு, பல வாரங்களுக்குப் பின் விடாமல் தூங்கினார்கள். சஹருக்கு எழுந்து, "வலி இருக்கு, ஆனா தூரத்துல இருக்கு" என்றார்கள். நீர்ச்சத்து குறைவதாகத் தெரிந்தால் உடனே நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு மருத்துவர் அரை மனதாக ஒப்புக்கொண்டார். ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை உம்மா நோன்பு வைத்தார்கள். நாற்காலியில் அமர்ந்து தொழுதார்கள். என் மகனுக்கு அலிஃப், பே சொல்லிக் கொடுத்தார்கள்.

பத்தாம் நோன்பின் அஸர் நேரத்தில் நடந்ததை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கி வீடு வந்தபோது மணி ஐந்தரை. மாமி நோன்புக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். உம்மா தூங்குகிறார்கள், தோள் வலிக்கிறது என்றார்கள், ஒத்தடம் கொடுத்தேன் என்று சொன்னார்கள். அறைக்குள் சென்று பார்த்தேன். வெந்நீர்ப் பை உம்மாவின் முதுகின் மேற்புறத்தில், பேட்சின் மீதே இருந்தது. கூப்பிட்டேன், கண் திறக்கவில்லை. மூச்சை எண்ணினேன், ஒரு நிமிடத்திற்கு எட்டு. இமையைத் தூக்கிப் பார்த்தபோது கண்மணி கடுகளவு சுருங்கியிருந்தது.

வெப்பம் பட்டால் பேட்சிலிருந்து மருந்து வேகமாக வெளியேறும். தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து அதை இன்னும் வேகமாக ஏற்றுக்கொள்ளும். செவிலியர் இதை என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் மாமியிடம் சொல்லவில்லை. பேட்சை மாற்றுவது நான்தானே, எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். தொழிற்சாலையில் ஒவ்வொரு மேசைக்கு மேலும் எச்சரிக்கையைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டும் நான், என் வீட்டில் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. அன்போடு ஒத்தடம் கொடுத்தவரின் மீது குற்றம் ஏதும் இல்லை. தவறு முழுவதும் என்னுடையது.

மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தோம். பேட்சை உடனே எடுக்கச் சொன்னார். விடாமல் பேசிக்கொண்டே, தட்டி எழுப்பிக்கொண்டே அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்லச் சொன்னார். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்துப் பேருந்துகளுக்கு இடையே காரை ஓட்டிக்கொண்டு என் கணவர் சென்றது நினைவிருக்கிறது. பாங்கு ஒலித்தது எங்களில் யாருக்கும் கேட்கவில்லை. மருத்துவமனையில் மாற்று மருந்தைச் சிறுகச் சிறுகச் செலுத்தினார்கள். பேட்சை எடுத்த பிறகும் தோலில் தேங்கிய மருந்து தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருக்கும். அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகலாம் என்பதால் மறுநாள் மாலை வரை கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். இரவு எட்டு மணிக்குக் கண் விழித்த உம்மா கேட்ட முதல் கேள்வி, "நோன்பு தொறந்தாச்சா?"

அல்லாஹ்வின் கிருபையால் உம்மா வீடு திரும்பினார்கள். எல்லாவற்றையும் மீண்டும் கணக்கிட்டு மருத்துவர் பேட்சைத் தொடரச் சொன்னார். அன்றிரவு மாமியும் நானும் சேர்ந்து ஓர் அட்டையில் எழுதி உம்மாவின் கட்டிலருகே ஒட்டினோம். பேட்ச் மீது வெந்நீர்ப் பையோ சூடான துணியோ வைக்கக் கூடாது. கடும் காய்ச்சல் வந்தால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். பழைய பேட்சை எடுத்த பின்னரே புதியதை, வேறு இடத்தில், ஒட்ட வேண்டும். நாளும் நேரமும் எழுதி வைக்க வேண்டும். எடுத்த பேட்சை ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் தொட முடியாத டப்பாவில் போட்டு, செவிலியரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று நாள் கழித்தும் பேட்சில் கணிசமான மருந்து மிச்சமிருக்கும். கீழே கிடந்த பேட்சைத் தொட்டும் வாயில் வைத்தும் குழந்தைகள் இறந்த நிகழ்வுகளைச் சுட்டி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012இல் பெற்றோரை எச்சரித்தது. இத்தகைய நோயாளி இருக்கும் வீட்டார் இந்த அட்டையைத் தங்கள் வீட்டிலும் எழுதி ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதினோராம் நாளிலிருந்து உம்மா தாமாகவே நோன்பை விட்டார்கள். நான் எதுவும் சொல்லவில்லை. "தாங்கறதுதான் சபூர்னு நெனச்சேன். என்னைக் காப்பாத்த நீங்க அலைஞ்சதைப் பார்த்தப்ப, எனக்குத் தந்த சலுகையை நான் வாங்கிக்கலைன்னு தோணுச்சு" என்றார்கள். குணமாகும் நம்பிக்கை இல்லாத நோயாளி விட்ட நோன்புகளுக்கு ஃபித்யா கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு ரமழான் 29 நாட்கள், உம்மா வைத்தவை 8, விட்டவை 21. ஒரு நோன்புக்கு ஓர் ஏழை என்ற கணக்கில், தம் சுருக்குப் பையிலிருந்தே எண்ணிக் கொடுத்தார்கள்.

இந்தக் கட்டுரையால் நான் சொல்ல விரும்புவது இதுதான். வலி வந்தால் அதைப் பொறுத்துக்கொள்வதற்குக் கூலி உண்டு என்பது உண்மை. ஆனால், நீக்க வழியிருக்கும் வலியை வலிந்து வைத்துக்கொள்ளுமாறு நமக்குச் சொல்லப்படவில்லை. பொறுமைக்கு எடுத்துக்காட்டான ஐயூப் நபி (அலை) அவர்களும் தம் துன்பத்தை இறைவனிடம் வாய் திறந்து சொன்னார்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நம் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. வலியில் கிடந்த மூன்று நோன்புகளில் உம்மாவால் ஒரு தொழுகையைக்கூட அமர்ந்து தொழ முடியவில்லை. வலி விலகி, நோன்பும் இல்லாத அந்தக் கடைசிப் பத்தில் அவர்கள் குர்ஆன் ஓதியதை நான் கேட்டேன்.

நம் நாட்டில் இந்த மருந்துகள் நோயாளியை எட்டுவதற்கே நீண்ட காலம் ஆனது. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் மருந்தகங்கள் மார்ஃபினை வைத்திருக்கவே அஞ்சின. 2014இல் செய்யப்பட்ட திருத்தம் அதைத் தளர்த்தியது. 1993இல் கோழிக்கோட்டில் வலி நிவாரண அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் அதற்காக ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீடு தேடி வரும் வலி நிவாரணச் சேவையும் அடங்கும். நம் குடும்பங்களில் பலரும் இதைக் கேட்பதில்லை. வலியைச் சொல்வது குறை சொல்வதாகிவிடும் என்று நினைக்கிறோம். கேளுங்கள்.

துல்கஃதா மாதத்தில் உம்மா எங்களைவிட்டுப் பிரிந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். குளிப்பாட்ட வந்த பெண்கள் தண்ணீரை ஊற்றும் முன் சற்றுப் பொறுக்கச் சொன்னேன். கையுறை அணிந்து, தோளின் பின்புறமிருந்த கடைசிப் பேட்சை மெல்ல உரித்து, ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்தேன். அட்டையில் கடைசி வரியாக மாமி எழுதியிருந்ததும் அதுதான். பிறகு முதல் தண்ணீரை நான் ஊற்றினேன்.

வல்ல ரஹ்மான் உம்மாவின் எட்டு நோன்புகளையும் இருபத்தொரு ஃபித்யாக்களையும் ஏற்றுக்கொள்வானாக! நோயில் வாடும் ஒவ்வொருவருக்கும் வலியில்லாத இரவுகளைத் தருவானாக! அவர்களைப் பேணும் நமக்குக் கவனத்தையும் தருவானாக! ஆமீன்.